வாய் பெருத்தால் வலிமை பெருகுமா?

‘பொடி’ என்னும் இரண்டெழுத்துச் சொல் நமது வெள்ளவத்தை வீட்டில் ஒரு சிறு கலகத்தை உண்டாக்கும் என்று நாம் கனவிலும் கருதியதில்லை.

சென்ற மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்பாக, நம் தம்பியின் மகன் தன் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தான். தம்பி காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று தொட்டு நல்லது கெட்டது எதுவாயினும் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் செய்வதில்லை. குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். சிறிய பெற்றோல் லொறி ஒன்றை வைத்துக்கொண்டு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலே வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் ஏற்றி, காலி வீதி வழியாக வெள்ளவத்தை, தெகிவளைக் கடைகளிலே இறக்குவது அவன் பிழைப்பு.

“பெரியப்பா, பஞ்சிகாவத்தையிலே ஒரு துரொட்டில் பொடி பார்த்து வைச்சிருக்கிறன். அறுபது மில்லிமீற்றர். இப்ப லொறியிலே கிடக்கிறது ஐம்பதுதான். அதை மாத்தினால் வண்டி பறக்கும்” என்றான்.

அடுக்களையில் இருந்த நம் இல்லாளின் காதில் கடைசிச் சொல் மாத்திரம் விழுந்தது போலும். “என்ன பொடி? உன்ரை கொப்பருக்குத்தான் மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. நீயும் தொடங்கியிட்டியோ?” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

எல்லோரும் சிரித்தோம். நம் மருமகளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாம் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னர் இல்லாள் நம் முன்னால் வந்து நின்றாள்.

“பொடி, பொடி என்று நீங்கள் எல்லாரும் சிரிச்சீங்கள். அந்தப் பொடிக்குத்தான் அவளுடைய காப்புச் சோடி செட்டியார் தெருவுக்குப் போயிருக்குது. கையிலே கண்ணாடி வளையல் கிடந்ததை நீங்கள் காணவில்லையோ?”

காணவில்லை என்பதே உண்மை. மனிதனுக்கு வயது எழுபதைத் தாண்டினாலும் மோட்டார் யந்திரத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

விஷயம் இதுதான். நுவரெலியாவிலிருந்து வாரம் இருமுறை மரக்கறி கொண்டுவரும் ஓட்டம் ஒன்று அவனுக்குக் கிடைக்கும்போல் இருந்தது. லொறியோ, சில மாதங்களாக இழுவை குறைந்து, கொழும்பின் சிறு மேடுகளிலேயே மூச்சுவாங்குகிறது. புதிய வண்டியைப் பற்றி எண்ணவும் இயலாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் இந்த நாட்டின் பழைய வண்டிகளைக் காப்பாற்றியவை பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகங்களே. 2022 இல் பெற்றோல் வரிசையிலே இரண்டு இரவுகள் அந்த லொறிக்குள் படுத்துறங்கியவன் நம் மகன். அதுதான் அவனுக்குச் சோறு. காப்பை அடகு வைத்த காசு அவன் சட்டைப்பையில் இருந்தது. திங்கட்கிழமை வரை பொருளை வைத்திருப்பதாகக் கடைக்காரர் வாக்களித்திருந்தார். எஞ்சியிருந்தவை இரண்டு நாட்கள்.

நிற்க. யந்திரங்களோடு பழக்கமில்லாத வாசகர்களுக்கும் மாணவர்களுக்கும் இவ்விடத்தில் சிறிது விளக்கம் சொல்வது கடமையாகும்.

பெற்றோல் யந்திரம் பெற்றோலை உண்டு வாழ்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் உண்பது காற்றையே. ஒரு பங்கு பெற்றோல் முறையாக எரிவதற்கு, நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்குத் தேவையான காற்று ஏறத்தாழ 11 கிலோ. கொழும்பின் வெப்பத்தில் அந்தக் காற்று 9,000 லீற்றருக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஓர் அறை நிறையக் காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

நாம் காலால் அழுத்தும் அக்சிலேற்றர் பெற்றோலைத் திறக்கிறது என்பதும் ஒரு மயக்கமே. அது திறப்பது காற்றின் கதவை. ஒரு குறுகிய உலோகக் குழாய். அதன் நடுவில் ஓர் அச்சு. அச்சிலே வண்ணத்துப்பூச்சியின் இறகைப்போல் திரும்பும் வட்டத் தகடு. இதுவே துரொட்டில் பொடி. கால் அழுத்தினால் தகடு திரும்பிக் காற்றுக்கு வழிவிடும். உள்ளே எவ்வளவு காற்று சென்றது என்பதை உணரிகள் அளந்து சொல்ல, சிறு கணினி ஒன்று அதற்கேற்ற பெற்றோலைத் தெளிக்கும். காற்று முன்னே போகும். பெற்றோல் பின்னே வரும். டீசல் யந்திரத்தின் வழக்கம் வேறு. அங்கே வலிமையைக் கூட்டிக் குறைப்பது தெளிக்கப்படும் எரிபொருளின் அளவு. பழைய டீசல் லொறிகள் பெரும்பாலானவற்றில் இந்தக் காற்றுக் கதவே கிடையாது. ஆதலால் புறக்கோட்டையிலே வரிசையாக நிற்கும் பெரிய லொறிக்காரர் எவரையும் இந்தப் ‘பொடி’ வியாதி பிடிப்பதில்லை.

கதவு பெரிதானால் காற்று அதிகம் வரும், காற்று அதிகம் வந்தால் பெற்றோல் அதிகம் எரியும், வலிமை பெருகும். இது நம் மகனுடைய தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அப்படித் தோன்றுவதற்கு நாமே ஒரு காலத்தில் சாட்சியாக இருந்தோம்.

1970களின் நடுப்பகுதி. நம்மிடம் ஒரு பழைய ஆங்கிலக் கார் இருந்தது. இளமையின் செருக்கினால், அதன் சிறிய காபுரேற்றரைக் கழற்றிவிட்டு, பெரிய யந்திரம் ஒன்றிலிருந்து எடுத்த அகன்ற காபுரேற்றரைப் பொருத்தினோம். வெறும் வீதியில் வேகமாக ஓடும்போது இனிமையாகத்தான் இருந்தது. நம் தந்தையாருக்குத் தொய்வு வருத்தம். ஓர் இரவு இழுப்பு அதிகமாகி, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பம்பலப்பிட்டிச் சந்தியில் வண்டியை நிறுத்தி மறுபடி எடுக்க முனைந்தபோது யந்திரம் இருமியது, விக்கியது, நின்றது. மீண்டும் கிளப்பினோம், மீண்டும் நின்றது. அகன்ற குழாயிலே காற்று மெதுவாகச் சென்றதனால் பெற்றோல் பூந்தூறலாகப் பரவாமல் துளித்துளியாக விழுந்திருக்கிறது. அவ்வழியே வந்த இருவர் தள்ளிவிட்ட பின்னரே வண்டி நகர்ந்தது. பின்னாசனத்தில் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றியபடி இருந்த தந்தையார், இரண்டு மூச்சுக்களுக்கு இடையில் சொன்னார்: “எனக்கும் உன்ரை காருக்கும் ஒரே வருத்தம் தம்பி. ஆனால் எனக்கு இது கடவுள் தந்தது. காருக்கு நீ தந்தது.”

தந்தையார் அன்று பிழைத்துக்கொண்டார். மறுநாட் காலையிலே பழைய காபுரேற்றரைப் பொருத்திவிட்டோம். ஆனால் அந்த வாக்கியம் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

சனிக்கிழமை காலை தொலைபேசியில் இதை மகனுக்கு நினைவூட்டினோம். அவன் சிறிதும் அசையவில்லை.

“பெரியப்பா, அது காபுரேற்றர் காலம். இது இன்ஜெக்ஷன். பெற்றோலைக் காற்று உறிஞ்சி எடுக்கிறதில்லை, ஊசிதான் தெளிக்குது. அந்த விக்கல் இதுக்கு வராது.”

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1967 இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ‘டி-ஜெற்ரோனிக்’ என்னும் மின்னணுத் தெளிப்பு முறையை வொக்ஸ்வாகன் 1600 காரிலே கொண்டுவந்தபோதே, பெற்றோலை உறிஞ்சி எடுக்கும் பொறுப்பிலிருந்து காற்று விடுதலை பெற்றுவிட்டது. அந்தப் பெயரில் உள்ள ‘டி’, அழுத்தம் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. யந்திரத்தின் உட்குழாயில் உள்ள காற்றழுத்தத்தை அளந்தே அது பெற்றோலின் அளவைத் தீர்மானித்தது. இந்த அழுத்தம் என்னும் சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் மருமகளின் காப்பு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆயின் அவனோடு வாதாடிப் பயனில்லை என்று கண்டோம். “காசைக் கொடுக்க முன்னம், நாளைக்கு ஒருக்கால் பாஸிட்டைக் காட்டுவம்” என்று மாத்திரம் கேட்டுக்கொண்டோம். அதற்கு இசைந்தான்.

ஒல்லாந்தர் இந்த நாட்டை விட்டுச் சென்றும் அவர்களுடைய ‘பாஸ்’ என்னும் சொல் நம் தொழிலாளரிடையே தங்கிவிட்டது. அவர்கள் 1757 இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் இன்றும் நிற்கிறது. அதற்குச் சிறிது தூரத்திலே, ஓர் ஒழுங்கையின் முடிவில், தகரக் கூரையின் கீழ் நமக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். யாழ்ப்பாணத்தவர். 1990களில் பொருளாதாரத் தடையினால் அங்கே பெற்றோல் அகப்படாதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் யந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். யந்திரத்தின் மூச்சைக் காதால் கேட்டே நோயைச் சொல்லும் பழக்கம் அக்காலத்தில் வந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சனிக்கிழமை இறக்காமல் விட்ட மூட்டைகளோடு லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். மகன் தன் எண்ணத்தைச் சொன்னான். பாஸ் ஆம் என்றும் சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று, நீண்ட இறப்பர்க் குழாயொன்று பொருத்திய வட்ட மானி ஒன்றைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, கதவு சின்னனோ பெரிசோ என்று நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். இது சொல்லட்டும்” என்றார்.

அது வெற்றிடமானி. அதன் தத்துவம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. நம்மைச் சூழ்ந்துள்ள காற்று, கடல்மட்டத்தில் ஏறக்குறைய 30 அங்குல உயரமான இரசத்தைத் தாங்கும் அழுத்தம் உடையது. 1643 இல் இத்தாலியில் தொரிசெல்லி காட்டிய உண்மை இது. யந்திரம் காற்றை உறிஞ்சும்போது கதவு மூடியிருந்தால், கதவுக்குப் பின்னால் அழுத்தம் குறையும். மானியின் முள் ஏறும். கதவு முற்றாகத் திறந்து, வழியில் வேறு தடையும் இல்லாதிருந்தால், உள்ளும் புறமும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். முள் பூச்சியத்தை அணுகும். முழுவதும் திறந்த பின்னரும் முள் இறங்காமல் நின்றால், யந்திரத்தின் கழுத்தை எதுவோ நெரிக்கிறது என்று பொருள்.

வண்டி நின்ற நிலையில் யந்திரம் மெதுவாக ஓடுகையில் முள் 18 அங்குலத்தில் நின்றது. நல்ல அடையாளம் என்றார் பாஸ். பின்னர் மகன் ஓட்ட, பாஸ் மானியைக் கையில் ஏந்தியபடி அருகில் அமர, நாம் ஓர் ஓரத்தில் ஒடுங்கிக்கொள்ள, துறைமுகப் பக்கத்து அகன்ற வீதிக்குச் சென்றோம். ஞாயிறு காலையாதலால் வாகனங்கள் அரிது. இரண்டாவது கியரில் அக்சிலேற்றரை அடிமட்டம்வரை அழுத்தச் சொன்னார். யந்திரம் அலறியது. முள் இறங்கி வந்து, 3 அங்குலத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவில்லை.

“பார்த்தீங்களோ பெரியப்பா! கழுத்து நெரியுது. நான் சொன்னது சரிதானே” என்று மகன் கூவினான்.

நமக்கும் நெஞ்சு திடுக்கிட்டது. காப்பு போய்விட்டது என்றே எண்ணினோம்.

பாஸ் பேசாமல் வண்டியைக் கராஜுக்குத் திருப்பச் சொன்னார். காற்று வடிகட்டும் பில்ற்றரின் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது பில்ற்றரா, புறக்கோட்டையின் மண்ணா என்று நாம் ஐயுற்றோம். வெங்காயச் சருகுகூட இருந்தது. “இது எப்ப மாத்தினது?” என்றார். மகன் விடை சொல்லவில்லை. புதிய பில்ற்றர் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதே வீதியில் அதே சோதனையைச் செய்தோம். முள் ஒன்றரை அங்குலத்துக்கு வந்தது.

“பாதி கள்ளன் பிடிபட்டிட்டான்” என்றார் பாஸ்.

மறுபடியும் கராஜ். இப்போது யந்திரத்தை நிறுத்திவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி, கைவிளக்கை உள்ளே பாய்ச்சினார். “பெரியவர், நீங்கள் ஏறி அக்சிலேற்றரை முற்றாக அழுத்துங்கோ” என்றார். அழுத்தினோம். “இன்னும்” என்றார். இதற்கு மேல் அழுத்தினால் கால் தரையைத் துளைத்துவிடும் என்றோம். மகனை அழைத்து உள்ளே பார்க்கச் செய்தார். வட்டத் தகடு முக்காற்பங்குதான் திரும்பியிருந்தது. அக்சிலேற்றரையும் கதவையும் இணைக்கும் கேபிள் நீண்டு தளர்ந்துவிட்டது. அது போதாதென்று, மகன் காலடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறப்பர்ப் பாய்களை விரித்திருந்தான். அவை மிதியைத் தடுத்தன. கேபிளை இறுக்கி, மேற்பாயை எடுத்து, தகட்டின் விளிம்பில் படிந்திருந்த கரியையும் துடைத்தார்.

மூன்றாம் முறை வீதிக்குச் சென்றபோது முள் அரை அங்குலத்துக்கு இறங்கிவிட்டது. வண்டி பாய்ந்த பாய்ச்சல், மானி பார்க்கத் தெரியாதவனுக்கும் விளங்கியிருக்கும்.

மாலையிலே மகன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அவன் மகளிடம் கடதாசியும் பென்சிலும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னோம். மாணவர்கள் தாமும் போட்டுப் பார்க்கலாம்.

30 அங்குல அழுத்தத்தில் அரை அங்குலம் என்பது அறுபதில் ஒரு பங்கு. அதாவது அந்தக் கதவையே கழற்றி எறிந்தாலும், யந்திரத்துக்கு மேலதிகமாகக் கிடைக்கக்கூடிய காற்று நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அறுபது மில்லிமீற்றர்க் கதவு அதிலும் ஒரு பகுதியைத்தான் தரும்.

அடுத்து, யந்திரத்தின் கொள்ளளவு ஒன்றரை லீற்றர். நான்கடிப்பு யந்திரமாதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது தன் வயிற்றை நிரப்பும். நிமிடத்துக்கு 5,000 சுற்றானால் 2,500 தடவை. ஆகவே 3,750 லீற்றர். எந்த வயிறும் முற்றாக நிரம்புவதில்லை. நூற்றுக்கு 85 என்று கொண்டால் ஏறக்குறைய 3,190 லீற்றர். செக்கனுக்கு 53 லீற்றர். ஐம்பது மில்லிமீற்றர் வாயின் பரப்பு 19.6 சதுர சென்றிமீற்றர். அதன் வழியே காற்று செக்கனுக்கு 27 மீற்றர் வேகத்தில் செல்லும். அந்த வேகத்தில் இழக்கும் அழுத்தம் மிகச் சிறிது. வேகம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். ஆகவே பந்தயக் கார்களைப் போல் மிக வேகமாகச் சுழலும் யந்திரங்களுக்கே பெரிய வாய் அவசியமாகிறது.

கடைசியாக ஓர் ஒப்பீடு. அமெரிக்காவின் ஷெவர்லே சில்வராடோ லொறிகளில் 5.3 லீற்றர் யந்திரத்துக்கு முதலில் 78 மில்லிமீற்றர் வாயும், பிற்காலத்தில் 87 மில்லிமீற்றர் வாயும் வைத்தார்கள். பரப்பைக் கணக்கிட்டு ஒரு லீற்றருக்கு எவ்வளவு என்று பிரித்தால், முன்னதற்கு 9 சதுர சென்றிமீற்றர், பின்னதற்கு 11. நம் லொறிக்கோ 13!

“அப்ப எங்கடை லொறிக்குத்தான் அமெரிக்க லொறியை விடப் பெரிய வாய், அப்பப்பா!” என்று பேத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

மகன் சிரிக்கவில்லை. “அப்படியென்றால், சிநேகிதன் ஒருவன் பெரிசு போட்டிருக்கிறான், நான் ஓட்டிப் பார்த்தேன். தொட்ட உடனே பாய்ஞ்சுதே. அது பொய்யோ?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பொய்யன்று, ஆனால் மெய்யுமன்று. அறுபதின் பரப்பு ஐம்பதின் பரப்பைவிட 44 சதவீதம் அதிகம். ஆதலால் காலை இலேசாக வைக்கும்போதே பழைய கதவைவிட அதிகமான காற்று உட்புகும். பாதி அழுத்தத்தில் வர வேண்டிய வலிமை கால் அழுத்தத்திலே வந்துவிடும். ஓட்டுபவன் வலிமை பெருகியதாக மகிழ்கிறான். அடிமட்டம்வரை அழுத்தும்போது, இருந்த வலிமையே இருக்கும். மாதக் கடைசியில் வரவேண்டிய சம்பளத்தைப் பதினைந்தாந் தேதியே முற்பணமாக வாங்கியவன் பணக்காரனாகிவிட்டதாக எண்ணுவதற்கும் இதற்கும் பேதமில்லை. தவிரவும், முச்சக்கர வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் இடையே அங்குலம் அங்குலமாக ஊரும் காலி வீதியிலே, தொட்டால் துள்ளும் வண்டி யாருக்கு வேண்டும்? பழைய கதவின் மூடிய நிலையைக் கற்று வைத்திருக்கும் கணினி, புதிய கதவைக் கண்டு நிலைதடுமாறி, வண்டி நிற்கும்போது யந்திரத்தை உறுமவிடவும் கூடும்; அணைத்துவிடவும் கூடும். உட்குழாயின் வாய் ஐம்பதாகவே இருக்க, அதன் முன்னால் மட்டும் அறுபதை வைப்பதாயின், ஒற்றைக் கதவு அறைக்கு முன்னால் கோபுர வாசல் கட்டிய கதையாகும்.

பெரிய கதவு ஒருபோதும் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. யந்திரத்தையே பெரிதாக மாற்றியவர்களுக்கும், அதை மிக உயர்ந்த வேகத்தில் ஓட்டுபவர்களுக்கும் அது தேவைப்படலாம். ஆனால் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் பில்ற்றர், பின்னர் கேபிளும் மிதியும், அதன் பின்னர் மானி. இவ்வளவும் செய்த பிறகு, யந்திரம் வேலை செய்யும் உச்ச வேகத்தில், முற்றாகத் திறந்த நிலையிலும் முள் ஓர் அங்குலத்துக்கு மேல் பிடிவாதமாக நின்றால், அப்போது அடுத்த அளவைப் பற்றி யோசிக்கலாம். கதவின் அளவை யந்திரமே கேட்க வேண்டும். உதிரிப்பாகக் கடையின் அலுமாரி கேட்கலாகாது.

ஆயினும் இத்துடன் கதை சுபமாக முடிந்துவிடவில்லை. பாஸ் விடைகொடுக்கும்போது லொறியின் பின்புறத்துச் சட்டங்களைத் தட்டிப் பார்த்து, “எத்தினை மூட்டை ஏத்துறாய் தம்பி?” என்று கேட்டிருந்தார். ஐம்பது கிலோ மூட்டை இருபத்தெட்டு என்றான் மகன். அந்த வண்டி சுமக்க வேண்டியது ஆயிரம் கிலோ. அவன் ஏற்றியது ஆயிரத்து நானூறு. “இதுக்கு வாயைப் பெருப்பிச்சு என்ன பயன்? முதுகு முறியுதே” என்றார் அவர்.

நுவரெலியாவின் கதை அதனினும் கடினம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 24 அங்குலந்தான். ஐந்தில் ஒரு பங்கு காற்று அங்கே இயற்கையாகவே இல்லை. அவ்வளவு வலிமையும் குறையும். எந்தக் கதவும் இல்லாத காற்றை வரவழைக்க மாட்டாது. ஆயிரம் கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று மகன் வியாபாரியிடம் சொன்னபோது, அவர் அந்த ஓட்டத்தை டீசல் லொறிக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த வருமானம் போனது போனதுதான். இப்போது மகன் விடியற்காலை மூன்றரை மணிக்கே எழுந்து, ஒரு நடையில் கொண்டுபோனதை இரண்டு நடையாகக் கொண்டுபோகிறான். உறக்கம் குறைந்திருக்கிறது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை அவர்கள் மறுபடி வந்திருந்தார்கள். இம்முறை நமக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தவள் மருமகள். கோப்பையை நீட்டும்போது, ஒன்றோடொன்று உரசிய பொன்னின் மெல்லிய ஓசை கேட்டது. நாம் நிமிர்ந்து அந்தக் கையை நன்றாகப் பார்த்தோம்.

“என்ன மோனை, பொடி வாங்கேல்லையோ?” என்று இல்லாள் மகனைக் கேட்டாள்.

“இல்லைப் பெரியம்மா. பில்ற்றர்தான் வாங்கினேன்” என்றான் அவன். சொல்லிவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு சிரித்தான்.